பத்தாவது கோளில் தரிசு போட்ட வருஷம்

செங்கல் ஏற்றிப் போன டிராக்டர் பருத்திப்பட்டு ஏரிக்கரைத் திருப்பத்தில் சரிந்து விழுந்தது எண்பத்தைந்தாம் வருஷம் ஆடி மாதம். ஓட்டிப் போன கஜபதிக்கு அப்போது முப்பத்தாறு வயது. பெரிய ஆஸ்பத்திரியில் நாலு மாதம் கிடந்தான். கடைசியில் ஒரு டாக்டர் அவன் மனைவி வேம்புலியம்மாளை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, முதுகுத் தண்டில் அடி, இனி எழுந்து நடக்க மாட்டார், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் புண் வந்துவிடும் என்றார். வேம்புலியம்மாள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "இட்டுகினு போலாமா சார்?" என்று மட்டும் கேட்டாள்.

இது அவளைப் பற்றிய கதை. கஜபதி இல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

திருவேற்காட்டுக்கு வடக்கே, ஏரிப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைத்துக்கொண்டிருந்தவன் கஜபதி. நிலத்துக்காரர் மனை போட்டு விற்றுவிட்டார். மஞ்சள் பெயின்ட் அடித்த கல் வரிசையாக வந்து நின்றது. அதே மனைகளுக்குச் செங்கலும் மணலும் அடிக்கிற வண்டியில்தான் அவன் டிரைவராகப் போனான். அதில் அவனுக்கு வருத்தம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. மாதச் சம்பளம், மழை வருமா என்று வானத்தைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அவன் படுத்த பிறகு வேம்புலியம்மாள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ரப்பர் கம்பெனியில் சேர்ந்தாள். அச்சிலிருந்து வரும் ரப்பர் வளையங்களின் ஓரத்தில் பிசிறு நிற்கும். அதை பிளேடால் அறுத்து எடுக்க வேண்டும். நின்றுகொண்டு செய்கிற வேலை. விடியும்முன் எழுந்து அவனைத் துடைத்து, துணி மாற்றி, மூத்திர டியூபைக் கழுவி, சோறாக்கி வைத்துவிட்டு ஏழு மணிக்கு ரோட்டுக்கு வருவாள். பகலில் பக்கத்து வீட்டுக் குப்பம்மா இரண்டு தடவை வந்து அவனைப் புரட்டிவிடுவாள். நாலு மணிக்கு மகள் தாட்சாயிணி பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிடும். ஆறரைக்கு வேம்புலியம்மாள் வந்ததும் எல்லாம் முதலிலிருந்து ஆரம்பம். அவன் கனத்த ஆள். புரட்டும்போது ஒரு முழங்காலைக் கட்டிலில் ஊன்றி, மூச்சைப் பிடித்து இழுப்பாள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று அவள் எண்ணியதில்லை. எண்ணினால் முடியாமல் போய்விடும் என்று நினைத்தாள்.

அடுத்த வருஷம் தாட்சாயிணி எட்டாவது. ஒரு சாயங்காலம் அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அறிவியல் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். பூமி தவிர மற்றக் கோள்களில் செடி கொடிகள் வளர்வதில்லை என்று அதில் போட்டிருந்தது.

"யாரு போயி வெதைச்சிப் பாத்தாங்க?" என்றான் கஜபதி.

"ராக்கெட்ல மிஷினு போயி பாத்துச்சாம் நைனா. மண்ணு கீதாம். தண்ணி, காத்து ஒண்ணும் செரி கெடையாதாம்."

"மிஷினுக்கு இன்னா தெரியும்? மண்ணைக் கையில அள்ளிப் பாக்க வாணாமா?"

அதோடு அந்தப் பேச்சு நின்றது. ஞாயிற்றுக்கிழமை அவனே மகளைக் கூப்பிட்டான். "தாச்சா, போன வருசத்து நோட்ல மிச்சப் பக்கம் கீதில்ல, எட்தா. ஒங்க புக்ல ஒம்போது கோளுதானே? பத்தாவது ஒண்ணு கீது. அங்க வெள்ளாமை நடக்குது. நான் சொல்றேன், நீ எழுது."

அப்படித்தான் ஆரம்பித்தது. வேறு பெயர் வைக்கவில்லை. 'பத்தாவது' என்றே அதற்குப் பெயர் நின்றுவிட்டது.

பத்தாவதில் நாள் முழுக்கச் சாயங்கால வெயில்தான். சுள்ளென்று ஒருநாளும் அடிக்காது. அதனால் இலையெல்லாம் பச்சையாக இருக்காது, அடுப்புக்கரி மாதிரி கருப்பாக இருக்கும். கிடைக்கிற கொஞ்ச வெயிலைச் சிந்தாமல் குடிக்க வேண்டும் அல்லவா? மழை கிடையாது. விடிகிற நேரத்தில் நிலம் வேர்க்கும். அந்த வேர்வையை வரப்பு கட்டி நிறுத்திக்கொள்வார்கள். நெல் மாதிரி ஒரு பயிர் உண்டு. ஆனால் கதிர் தள்ளாது. தாளில் கணுவுக்குக் கணு மணி பிடிக்கும். காற்று வேகமாக அடிப்பதால் உயரம் கூடாது, முழங்கால் அளவுதான். எருவுக்கு மாடு இல்லை. அறுத்த தாளை அங்கேயே மிதித்து விடுவார்கள், மண் அதை ஒரே வாரத்தில் தின்றுவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, பயிர் நகரும். வெயில் போகிற பக்கம் நாளைக்கு ஒரு முழம் வேரோடு ஊர்ந்து போகும். உழவன் எங்கேயும் போக வேண்டியதில்லை. அவன் இருக்கிற இடத்துக்கு வயல் வரும். வந்ததும் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு அடுத்த ஆள் பக்கம் அனுப்பிவிட வேண்டும்.

தாட்சாயிணி இதை எழுதிக்கொண்டிருந்த அன்று வேம்புலியம்மாள் அடுப்படியில் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். 'அவன் இருக்கிற இடத்துக்கு வயல் வரும்' என்று மகள் திருப்பிப் படித்ததும் அரிவாள்மணையில் அவள் கை நின்றது. பிறகு மிச்சக் காயையும் அரிந்தாள். அவளுக்கு இரக்கமும் வந்தது, எரிச்சலும் வந்தது. படுத்துக் கிடப்பவனுக்குப் போய்வர ஓர் ஊர் இருக்கிறது. நின்றுகொண்டே இருப்பவளுக்கு அதுகூட இல்லை. இதை அவள் அப்போது யாரிடமும் சொல்லவில்லை. ரொம்ப வருஷம் கழித்துத் தாட்சாயிணியிடம் சொன்னாள்.

ஒருநாள் மட்டும் குறுக்கே பேசினாள்.

"யோவ், அங்க களை கீதா?"

"கெடையாது. நல்ல மண்ணு."

"நல்ல மண்லதான்யா களை ஜாஸ்தி மொளைக்கும். ஏழு வயசுலேந்து குனிஞ்சி எடுத்தவ நானு. நீ மாட்டுக்குப் பின்னால போனவன், உனக்கு இன்னா தெரியும்? நடவு யாரு நடறது, களை யாரு எடுக்கறது? ஒங்க ஊர்ல பொம்பளைங்களே இல்லியா?"

கஜபதி இரண்டு நாள் எழுதச் சொல்லவே இல்லை. மூன்றாம் நாள் மகளிடம் சொன்னான்: பத்தாவதில் களை உண்டு. நிறத்திலும் உயரத்திலும் பயிர் மாதிரியே இருக்கும், கண்ணால் பிரிக்க முடியாது. தொட்டால் பயிர் வெதுவெதுப்பாக இருக்கும், களை ஜில்லென்று இருக்கும். அந்த ஜில்லிப்பு பெண்களின் விரலுக்குத்தான் தெரியும்.

"குனிஞ்சா எடுக்கறாங்க?" என்று வேம்புலியம்மாள் உள்ளேயிருந்து கேட்டாள்.

"இல்ல. உக்காந்துகினுதான். வயலுதான் வருதே."

"அப்ப செரி" என்றாள்.

எண்பத்தெட்டில் அந்த மனைகளில் ஒன்றை உலகநாதன் என்பவர் வாங்கினார். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். ஆவடி டாங்கி ஃபேக்டரியில் வேலை, குவார்ட்டர்ஸில் குடித்தனம். கிணறு எந்தப் பக்கம் தோண்டினால் நீர் வரும் என்று விசாரித்துக்கொண்டு வந்தவரை யாரோ கஜபதியிடம் அனுப்பினார்கள். வடகிழக்கு மூலையில் போடுங்க, இருபத்திரண்டு அடியில் மணல் வரும், அங்கே ஊற்று என்று கட்டிலில் படுத்தபடியே சொன்னான். அப்படியே வந்தது. அதிலிருந்து உலகநாதன் அவனை 'அண்ணே' என்றும் வேம்புலியம்மாளை 'அக்கா' என்றும் கூப்பிட ஆரம்பித்தார். வீடு கட்டிக் குடிவந்த பிறகு ஞாயிறுதோறும் வந்து உட்கார்வார். அவர் கையில் நோட்டு கிடைத்தது.

படித்துவிட்டு முதலில் கருப்பு இலையைப் பற்றித்தான் கேட்டார். "இது எங்கேண்ணே படிச்சீக?"

"எங்கயும் படிக்கல. யோசிச்சேன்."

"மங்கின வெளிச்சத்துக்கு இலை கருப்பாத்தான் இருக்கணும்னு விஞ்ஞானிகளே சொல்லலாம்ணே. ஆனா இந்தப் பயிரு நகருறதுதான் இடிக்குது. நாளைக்கு ஒரு முழம் நகர்ந்தா வெயிலைப் பிடிக்க முடியாது. பூமி கணக்குக்குப் பார்த்தா பயிரு ஏரோப்ளேனைவிட வேகமா ஓடணும்."

"அப்ப ஊரைச் சின்னதா வெச்சிக்கங்க. ஆவடியிலேந்து பூந்தமல்லி வரைக்கும்னு வெச்சிக்கங்க. ரொம்ப மெதுவா சுத்துதுன்னு வெச்சிக்கங்க."

உலகநாதன் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டார். ஒரு நாளே நம்முடைய அறுபது எழுபது வருஷம் ஆகிறது என்றார். "ஆவட்டுமே" என்றான் கஜபதி. "யாருக்கு அவசரம்?"

வேம்புலியம்மாள் அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டுத் தரையில் சாய்ந்து உட்காருவாள். பேச்சு காதில் விழுந்துகொண்டிருக்கும்போதே கண் சொக்கிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்குக் கிடைத்த தூக்கம் அதுதான்.

தொண்ணூற்றிரண்டில் தாட்சாயிணிக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை ஐயப்பன்தாங்கல் டிப்போவில் கண்டக்டர். மகள் போன பிறகு சாயங்காலத்தில் அவனைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, நோட்டு எழுதவும் ஆள் இல்லை. கஜபதி முதுகில் புண் வந்து குப்புறப் படுத்தே கிடந்ததால் அவனால் எழுத முடியாது. வேம்புலியம்மாள் ஐந்தாவது வரை படித்தவள். எழுத்து பெரிது பெரிதாக இருக்கும், மெதுவாக வரும். வேறு வழியில்லாமல் அவளே எழுதினாள். வாரத்துக்கு அரைப் பக்கம். சில வாரம் அதுவும் இல்லை.

அடுத்த வருஷக் கோடையில் தண்ணீர் நின்றது.

முதலில் தெருக் கைபம்பு இருமியது. பிறகு கிணறுகளில் பாசிதான் மிச்சம். தண்ணீர் லாரி இரண்டு நாளைக்கு ஒரு தரம் வந்தது, பிறகு மூன்று நாளைக்கு ஒரு தரம். எந்த நேரத்தில் வரும் என்று யாருக்கும் தெரியாது. வேலைக்குப் போகிறவள் வரிசையில் குடத்தை வைத்துவிட்டுப் போனால், வந்து பார்க்கும்போது குடம் எங்கோ உருண்டு கிடக்கும். குப்பம்மா தன் பங்கிலிருந்து ஒரு குடம் எடுத்து வைப்பாள். உலகநாதன் கிணற்றில் ஊறுவதை மொண்டு தினம் ஒரு குடம் கொடுத்தார். அவர் வீட்டிலும் நாலு பேர். இதில் சமையல், குடிக்க, கஜபதியைக் கழுவ, அவன் துணிகளை அலச. வேம்புலியம்மாள் மூன்று நாளைக்கு ஒருமுறை குளித்தாள். கம்பெனியில் கை கழுவும் குழாயில் முகத்தையும் கழுத்தையும் துடைத்துக்கொள்வாள்.

மே மாதம் ஒரு வியாழக்கிழமை. வேலை முடிந்து வந்தவள் அவன் துணியை மாற்றப் போனபோது துணி சுத்தமாக இருந்தது. முந்தின நாளும் அப்படித்தான் இருந்தது. முந்தின நாள் களைப்பில், நல்லதாகப் போயிற்று என்று விட்டுவிட்டாள். இன்று உற்றுப் பார்த்தாள். டியூபில் வடிந்தது கொஞ்சம்தான், அதுவும் தேயிலைத் தண்ணீர் நிறத்தில். அவன் உதடு வெடித்திருந்தது. குப்பம்மாவைப் போய்க் கேட்டாள்.

குப்பம்மா தயங்கிச் சொன்னாள். "ரெண்டு மூணு நாளா சோத்தைக் கைல வாங்கிக்கிறாரு, நான் அந்தாண்ட போனதும் கட்டிலாண்ட கீற ஜன்னல் வழியா நாய்க்குப் போட்டுடறாரு போல கீது. ஜன்னலாண்ட ரெண்டு நாயி காத்துகினே கீது. தண்ணியும் ஒரு வாய்க்கு மேல வாணாம்ன்றாரு. ஒங்கிட்ட சொல்லாதன்னு சத்தியம் வாங்கிக்கினாரு வேம்புலி. நான் இன்னா பண்ணுவேன்?"

வேம்புலியம்மாளுக்குப் புரிந்துவிட்டது. தின்றால் கழுவ வேண்டும், கழுவத் தண்ணீர் இல்லை. அவன் கணக்குப் போட்டிருக்கிறான்.

வீட்டுக்குள் வந்தாள். சத்தம் போட உடம்பில் தெம்பு இல்லை. கட்டில் சட்டத்தில் உட்கார்ந்தாள். அவன் முகம் அந்தப் பக்கம் இருந்தது.

"வந்துட்டியா? நோட்டு எட்தா மே. இன்னைக்கு எழுதணும்" என்றான்.

அவள் எடுத்து வந்தாள்.

"பத்தாவதுல தண்ணி நின்னுபோச்சி. நெலம் வேர்க்கறதில்ல. பயிரு நகந்து நகந்து பாத்துச்சி, முடியல. நின்ன எடத்துலயே கருகிப்போச்சி. ஜனங்க ஒக்காந்த எடத்துலயே ஒக்காந்துகினு கீறாங்க. வயலு வரல. இனிமே வராது. அவ்ளோதான், அதோட முடிஞ்சிபோச்சின்னு எழுது."

வேம்புலியம்மாள் பேனாவை மூடியிலிருந்து உருவவில்லை.

"எழுதினியா?"

"நாய்க்கு எத்தினி நாளா சோறு போடறே?"

அவன் விரலால் கட்டில் சட்டத்தைச் சுரண்டினான்.

"நெஜத்துலதான் தண்ணி இல்ல, தெருத்தெருவா குடத்தைத் தூக்கினு அலையிறேன். நீ படுத்துகினு நெனைக்கிற ஊருதானே அது? அதுல கூடவா தண்ணி இல்ல? அதுல ஒரு மழை பெய்ய வெக்க ஒனக்குக் கை வலிக்குதா?"

"அங்க மழை கெடையாது மே. மொதல்லயே எழுதியாச்சி."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் சேர்ந்து வந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.  அப்புறம் பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தாள்.  அவளாக எழுதினாள். எழுத்துக் கூட்டி எழுதி முடிக்க வெகு நேரம் ஆனது. அவன் பொறுமையில்லாமல், "இன்னா எழுதறே?" என்று இரண்டு தடவை கேட்டான். முடித்துவிட்டுப் படித்துக் காட்டினாள்.

"இந்த வருசம் தரிசு. யாரும் வெதைக்க வேணாம். பயிர் நகர வேணாம். மண்ணு படுத்துக் கெடக்கட்டும். ஜனங்க எல்லாரும் படுத்துக்கலாம். பொம்பளைங்க மொதல்ல படுத்துக்கலாம். போன வருசத்து நெல்லு குதிர்ல இருக்கு. வேளாவேளைக்குச் சோறு தின்னணும். தண்ணி இருக்கறவரைக்கும் குடிக்கணும். துணி அழுக்கா இருந்தா பரவால்ல. யாரும் யாரையும் அழுக்குன்னு சொல்லக் கூடாது. சட்டம்."

கஜபதி அதை இன்னொரு தரம் படிக்கச் சொன்னான். பிறகு, "தரிசு போட்டா வெத கெட்டுப்பூடுமே" என்றான்.

"கெடாது. நீதான் சொன்னே, அங்க எதுவும் அவசரம் இல்லன்னு."

சோற்றைக் கரைத்து எடுத்து வந்தாள். அவன் தலையைத் திருப்பிக்கொண்டான்.

"தின்னணும்னு எழுதியாச்சி" என்றாள். அவன் தின்றான். ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்தான். குடித்துவிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக் கிடந்தான். அவன் கண்ணீர் தலையணையில் இறங்குவதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி அவள் இருந்தாள்.

மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று தெரியும். அவனைத் துடைத்துச் சோறு கொடுத்துவிட்டு, கட்டிலுக்குக் கீழே தரையில் படுத்தாள். லாரி வந்த சத்தம் கேட்டுக் குப்பம்மா கூப்பிட்டாள். "நீயே ரெண்டு புடிச்சி வெச்சிடு குப்பு" என்று சொல்லிவிட்டு மறுபடியும் தூங்கினாள். எழுந்தபோது மணி மூன்று. இடுப்பு வலித்தது. வேறு மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. அரிசியைக் களைந்து உலையில் போட்டாள்.

அந்த வருஷம் ஐப்பசியில் மழை வேண்டியமட்டும் பெய்தது. தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர், வீட்டுக்குள்ளும் வந்தது. அவனைக் கட்டிலோடு தூக்கிச் செங்கல் மேல் வைத்தார்கள். தரிசுக்குப் பிறகு கஜபதி ஏழெட்டுப் பக்கம் சொன்னான். குதிர் எப்படிக் கட்டுவது, விதையை எதில் சுற்றி வைப்பது என்று. பழைய வேகம் அதில் இல்லை. உலகநாதனுக்கும் அது தெரிந்தது. "நல்லாருக்குண்ணே" என்று மட்டும் சொன்னார். தொண்ணூற்றைந்தில் அவன் சிறுநீரகம் கெட்டது. கார்த்திகையில் போய்விட்டான். பத்து வருஷம் நாலு மாதம் படுக்கையில் இருந்தவன் முதுகில் கடைசியில் ஒரே ஒரு புண்தான் ஆறாமல் இருந்தது. வந்து பார்த்த நர்ஸம்மா அதைப் பார்த்துவிட்டு, "யாரும்மா பாத்துக்கிட்டது?" என்று கேட்டாள். வேம்புலியம்மாள் "நான்தான்" என்றாள்.

துக்கம் கழிந்து அவள் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்த சமயம். ஒரு காலையில் உலகநாதன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றார். அவருடைய சிநேகிதர்கள் சிலர் சேர்ந்து மாதம் ஒரு அறிவியல் பத்திரிகை போடுகிறார்கள், சின்னதுதான், அதில் அண்ணன் நோட்டைப் போடலாமா என்று கேட்டார்.

"போடுங்க. அவுரு பேரைப் போட்டுடுங்க."

"அக்கா, தரிசு வருஷம்னு ஒரு பக்கம் இருக்கு. அண்ணன் சொல்றது மாதிரி இல்லை, நடை வேற. ஆனா நோட்டுலேயே அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. அதை முதல்ல போடலாம்னு இருக்கேன்."

வேம்புலியம்மாள் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "அந்தப் பக்கம் மட்டும் வாணாம்" என்றாள்.

"ஏங்க்கா?"

"அது ஊட்டுக்கு எழுதனது. வெளிய போட வாணாம்."

அவர் தலையாட்டினார். பஸ் வந்தது. ஏறிக்கொண்டாள்.

சித்திரையில் பத்திரிகை வந்தது. பதினோரு பக்கம், மேலே கஜபதி என்று தடித்த எழுத்தில் போட்டு, ஊர்ப் பெயரும் போட்டிருந்தார்கள். தாட்சாயிணிக்கு ஒன்று கொடுத்தனுப்பினாள். இன்னொன்றைக் கம்பெனிக்கு எடுத்துப் போனாள். சாப்பாட்டு வேளையில் ஷெட்டுக்கு வெளியே, நிழலில் உட்கார்ந்து பிரித்தாள். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த கன்னியம்மா எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, கதையா?" என்றாள்.

"எங்க ஊட்டுக்காரரு எழுதனது. வேற ஒரு ஊர்ல எப்டி வெள்ளாமை பண்றாங்கன்னு."

"எந்த ஊரு?"

"தூரம்" என்றாள் வேம்புலியம்மாள். இரண்டாம் பக்கம் பாதி படித்திருந்தபோது மணி அடித்தது. மூலையை மடித்து டிபன் பைக்குள் வைத்துவிட்டு எழுந்து போனாள்.